இரண்டு 'இலியம்', ஒரு மறுதேர்வு

சென்ற வெள்ளிக்கிழமை மறுதேர்வு முடிவு வந்தது, தேறிவிட்டேன். கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 36 வயதில் தாதிமைப் படிப்புக்கு வந்தவள் நான். முதல் பருவத்திலேயே உடற்கூறியலில் தவறியதை வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இதே படிப்பில் இருக்கும் உங்களுக்கு வினாத்தாளின் அமைப்பு தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைக் கவிழ்த்தது நான் குறிப்பெடுத்த விதம். விரிவுரையில் காதில் விழுந்த மருத்துவச் சொற்களையெல்லாம் அவற்றின் ஒலிப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவந்தேன். கை வேகமாக ஓடியதே தவிர, ஏட்டில் இரண்டு இடங்களில் 'இலியம்' என்றே இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி. மற்றது இடுப்பெலும்பின் மேலே விரிந்திருக்கும் பகுதி. ஆங்கிலத்தில் மூன்றாம் எழுத்து 'ஈ' (ileum) என்றால் குடல், 'ஐ' (ilium) என்றால் எலும்பு. இலியாஸ்டமியை விளக்கச் சொன்ன வினாவுக்கு, இடுப்பெலும்பில் துளையிடும் அறுவைச் சிகிச்சை என்று எழுதியதோடு நிற்காமல், துளை விழும் இடத்தைக் காட்டிப் படமும் வரைந்தேன். உண்மையில் அது சிறுகுடலின் அப்பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து, கழிவு வெளியேற வழி செய்வது.

ஆகவே, ஒலியை எழுதாதீர்கள். சொல்லின் முன்னொட்டையும் பின்னொட்டையும் தனியே வெட்டிப் பொருளை எழுதுங்கள். நான் இரண்டாம் முறை செய்தது இதுதான்.

ஐட்டிஸ்: அழற்சி.
எக்டமி: வெட்டி அகற்றல்.
ஆட்டமி: வெட்டித் திறத்தல்.
ஆஸ்டமி: திறப்புவாய் அமைத்தல்.
ஹைப்பர்: மிகை. ஹைப்போ: குறை.

கடைசி இணையை நான் மனப்பாடம் செய்ய நேரவில்லை. நீரிழிவு உள்ள என் அம்மாவுக்கு ஒரு மாலை வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது, ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி லிட்டருக்கு 3.4 மில்லிமோல் காட்டியது. 4-க்குக் கீழே இறங்கினால் ஹைப்போ, அதாவது சர்க்கரைக் குறைவு. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்தோம். அதன்பின் அந்தச் சொல் எனக்குக் குழம்பவே இல்லை.

உடலில் இடமும் திசையும் காட்டும் சொற்களுக்குப் பள்ளித் தமிழ் இலக்கணம் கைகொடுத்தது. பிராக்ஸிமல் என்பது அண்மை, டிஸ்டல் என்பது சேய்மை. உடலோடு கை சேரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். மகளின் கையில் பேனாவால் குறித்துப் படித்தேன்: தோளுக்கு முழங்கை அண்மை, மணிக்கட்டு சேய்மை. சுபைன் என்றால் மல்லாந்து, புரோன் என்றால் குப்புற. இடம், வலம் என்பவை எப்போதும் நோயாளியுடையவை. படத்தைப் பார்க்கும் உங்களுடையவை அல்ல.

நோய்த் தடுப்புப் பகுதியை எளிது என்று பலர் ஒதுக்குகிறார்கள், நானும் ஒதுக்கினேன். நோய் வருமுன் போடும் தடுப்பூசி முதல்நிலை. அறிகுறி தோன்றுமுன் நோயைக் கண்டுபிடிப்பது இரண்டாம்நிலை. இங்கே சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படும் மலப் பரிசோதனையும், பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் அதில் அடங்கும். பக்கவாதத்துக்குப் பின் நடை பழக்குவது மூன்றாம்நிலை. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அது மீண்டும் வராதிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினை இதய மருத்துவர்கள் இரண்டாம்நிலைத் தடுப்பு என்றே சொல்வார்கள். எனவே, வினா எந்தப் பாடத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.

குழுவாகப் படிப்பது பலருக்கு உதவுகிறதாம், எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில், சதுரங்கக் கட்டங்களின் மேல் அட்டைகளைப் பரப்பி வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அங்கே உட்காரும் முதியவர்கள் முதல் வாரம் முறைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

மறுதேர்வில் இலியாஸ்டமி மறுபடியும் வந்தது. படம் கேட்கவில்லை. இருந்தும் ஓரத்தில் சிறுகுடலை வரைந்துவிட்டுத்தான் வந்தேன்.