சோம்பலின் பெயரில் எழுதப்படும் கடன்கள்

பணக் கஷ்டத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது ஏதோ ஒரு கட்டத்தில் “உழைக்கச் சோம்பல், வேறென்ன?” என்று முடிவதை மும்பைத் தமிழர்களாகிய நம்முடைய கூட்டங்களில் தொடர்ந்து கேட்டு வருகிறேன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நடக்கும் கல்யாணப் பந்திகளில் இதைக் கேட்கும்போதுகூட அவ்வளவு வலிப்பதில்லை. தாராவியில் பிறந்து, அங்கேயே படித்து, இன்று நவி மும்பையில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் இதைச் சொல்லும்போதுதான் மனம் மிகவும் வருந்துகிறது. அவர்கள் உண்மையாகவே பாடுபட்டு மேலே வந்தவர்கள், அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் “நாங்கள் உழைத்தோம், உயர்ந்தோம்” என்பதிலிருந்து “உயராதவர்கள் உழைக்கவில்லை” என்ற முடிவுக்குத் தாவுவது கணக்கில் நிற்காது.

தாராவியில் எங்கள் பகுதிப் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழு ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், யாருக்கு எங்கே கடன், எந்த மாதத்தில் தவணை தவறுகிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. சோம்பலால் முடங்கிய குடும்பம் எது என்று அதில் தேடினால் எளிதில் கிடைக்காது. நோயால், மழையால், வட்டியால் முடங்கிய குடும்பங்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

குழுவில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பிற்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, மாலையில் அரைத்து, சட்னிக்கும் சாம்பாருக்கும் வேண்டியவற்றை எடுத்துவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால்தான், ஐந்தரை மணிக்கு அவர் கணவர் (எங்களுக்கு அண்ணன்) சைக்கிளின் பின்னால் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி சயான், வடாலா பக்கம் கிளம்ப முடியும். இதற்கிடையில் குழாயில் தண்ணீர் வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் டிரம்களை நிரப்பியாக வேண்டும். அண்ணன் திரும்பி வந்து, பாத்திரங்களைத் துலக்கி முடித்தபின், பகல் பன்னிரண்டு மணிவாக்கில் இருவரும் அந்தப் பத்துக்குப் பத்து அடி கோலியின், அதாவது ஒற்றை அறை வீட்டின், தரையில் ஒரு மணி நேரம் சாய்வார்கள். காற்று வேண்டுமென்பதால் கதவு திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சந்துக்குள் வந்த உறவினர் ஒருவர், “பட்டப்பகலில் இப்படிப் படுத்துக் கிடந்தால் வீடு எப்படி விளங்கும்?” என்று என் காதுபடவே சொன்னார். அவர் தம் வீட்டில் எழுந்திருப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே இந்த வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது.

இந்தத் தூக்கத்தைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, 2021-இல் வெளியானது, நினைவுக்கு வருகிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரைக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு அது. அவர்கள் இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள், ஆனால் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று கைக்கடிகாரம் போன்ற கருவியால் அளந்து கண்டார்கள். வெக்கை, கொசு, தெருச் சத்தம் என்று தூக்கம் துண்டு துண்டாகப் போயிருந்தது. காது அடைப்பான், விசிறி முதலியவற்றைக் கொடுத்து இரவுத் தூக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டியபோது வேலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. வேலையிடத்திலேயே அரை மணி நேரம் பகலில் கண்ணயர இடம் கொடுத்தபோது வேலைத்திறன் கூடியது. இட்லிக்கார அக்கா அந்த ஒரு மணி நேரம் படுப்பது அடுத்த நாள் இரண்டரை மணிக்கு எழுவதற்காகத்தான் என்பது இதைப் படிக்காமலேயே அவருக்குத் தெரியும்.

இனி அந்த வீட்டின் கடனைப் பார்ப்போம். நல்ல நாளில் செலவு போக எண்ணூறு முதல் ஆயிரம் வரை நிற்கும். மழைக்காலம் ஒன்றில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. அக்காவால் வாசலில் வைத்துக் கொஞ்சம் விற்க முடிந்ததே தவிர, சமையலையும் பார்த்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் விற்கவும் முடியவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இதே அண்ணன் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால், மருத்துவரின் சான்றோடு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கைக்கு வந்திருக்கும். உழைப்பு ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான். படுக்கையில் விழுந்தால் ஒரு வாழ்க்கையில் பாதிக்கு மேல் சம்பளம் வருகிறது, இன்னொரு வாழ்க்கையில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

ஆகவே நாள்தோறும் வசூலிக்கப்படும் தண்டல் கடன் வாங்கினார்கள். கையில் கொடுப்பது 9,000 ரூபாய். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டி 10,000 அடைக்க வேண்டும். “ஆயிரம் ரூபாய்தானே கூட” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால் அந்த 9,000 முழுவதும் நூறு நாளும் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டுக்கும் மேலே போகிறது. நவி மும்பையில் வீட்டுக்கடன் வாங்கியவர் இதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான வட்டிதான் கட்டுகிறார். அண்ணன் உடல் தேறாமலேயே சைக்கிளை எடுத்தார், பழைய தூரம் போக முடியவில்லை, ஐம்பதாவது நாளில் முதல் தண்டலை அடைக்க இரண்டாவது தண்டல் வாங்கினார். “இப்போதெல்லாம் அவனுக்கு மெத்தனம் வந்துவிட்டது” என்று ஊரார் சொல்லத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். கல்லீரல் நோயிலிருந்து எழுந்தவரின் களைப்பை நம்மவர்கள் குணமாகப் படித்துக்கொண்டார்கள்.

களைப்பைக் குணமாகப் படிப்பது பெண்கள் விஷயத்தில் இன்னும் கொடுமையாக நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிற, உட்கார்ந்தால் எழ மனம் வராத அந்த நிலையை மாமியாரும் முதலாளியும் ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

பணமுடை ஒருவரைச் செயலற்றவராகக் காட்டவும் செய்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே விவசாயிகளுக்குச் சில அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அறுவடைக்கு முன்பு அவர்களில் 78 விழுக்காட்டினர் ஏதாவதொன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 விழுக்காடாகக் குறைந்தது. பணம் கைக்கு வராத அந்த மாதங்களில் சோதனைகளில் தெளிவாகவே பின்தங்கினார்கள், பணம் வந்தபின் தேறினார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. நாளைக்கு யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்ற நினைப்பே மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்போது, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவோ பள்ளியில் உதவித்தொகை விண்ணப்பம் கொடுக்கவோ மறந்துபோவதில் எனக்கு வியப்பில்லை. கணக்கு நோட்டில் நான் பார்க்கிற தவறிய தேதிகள் பெரும்பாலும் கடன் நெருக்கும் மாதங்களில்தான் கூடுகின்றன.

ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மும்பைப் பஞ்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, லோயர் பரேலில் அந்த நிலங்களில் வணிக வளாகங்களும் அலுவலகங்களும் எழும்பின. மூன்று ஷிப்டிலும் தறி ஓட்டிய அத்தனை பேரும் ஓரிரு ஆண்டில் சோம்பேறிகளாகி வறுமைக்குள் விழுந்தார்கள் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆற்று வெள்ளம் கிரைண்டர்களையும் அரிசி மூட்டைகளையும் நாசமாக்கியபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாக்கா எனப்படும் தெருமுனையில் அன்றாடக் கூலிக்கு நிற்கும் வழியே அடைபட்டபோதும் நடந்தது அதுவே.

சோம்பேறிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டுக் கிடக்கும் ஆண்களை எங்கள் சந்தில் நானும் பார்க்கிறேன், அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த வீடுகளின் கடன் யார் பெயரில் இருக்கிறது? குழுவின் நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியிருப்பது அந்தப் பெண்கள்தான். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, மாலையில் பேப்பர் தட்டு மடித்து, தவணை கட்டுபவர்களும் அவர்களே. ஒருவரின் சோம்பல் இன்னொருவரின் கடனாக எழுதப்படுகிறது. அந்த வீட்டைச் சுட்டிக்காட்டி “சோம்பல்தான் காரணம்” என்று சொல்பவர், சந்திலேயே மிக அதிகமாக உழைக்கும் பெண்ணுக்குத்தான் தண்டனை விதிக்கிறார். எவ்வளவு சோம்பிக் கிடந்தாலும் அப்பாவின் வாடகை வருமானத்தில் கஷ்டமில்லாமல் வாழ்கிற பிள்ளைகளையும் நாம் அறிவோம். அவர்களைப் பற்றிப் பந்தியில் யாரும் பேசுவதில்லை.

அரசு பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவது மக்களைச் சோம்பேறி ஆக்கிவிடும் என்ற பேச்சும் மகாராஷ்டிரத்தில் 2024-இலிருந்து ஓயவில்லை. நாளைக்கு ஐம்பது ரூபாய் அது. ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களை பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் சேர்த்துப் பார்த்து, பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று இல்லை என்று 2017-இல் எழுதினார்கள். இட்லிக்கார அக்கா அந்தப் பணத்தில் மொத்தமாக உளுந்து வாங்கி வைக்கிறார். சில்லறையில் வாங்குவதைவிட அது மலிவு.

எங்கள் குழுவிலும் தவணை தவறினால் ஐம்பது ரூபாய் அபராதம் என்ற விதி இருக்கிறது. ஒழுங்கு வேண்டும் என்பதற்காக வைத்தது; ஆனால் நோட்டைப் புரட்டினால் அந்த அபராதத்தை அதிகம் கட்டியவர்கள் நோயாளி இருக்கும் வீட்டார்தான். கடந்த கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, சயான் மருத்துவமனையின் கேஸ் பேப்பரைக் காட்டினால் அந்த மாத அபராதம் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். தனியார் டாக்டரின் சீட்டுத்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டதை, அந்தச் சீட்டுக்குக் கொடுக்கும் காசில் தவணையையே கட்டிவிடலாமே என்று சொல்லி மற்றவர்களே மறுத்துவிட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெருவில் விற்பவர்களுக்குத் தவணையைப் பாதியாக்கி, மீதியை அக்டோபருக்குப் பிறகு பிரித்து வாங்கலாம் என்ற என் இரண்டாவது யோசனைக்கு இன்னும் பாதிப்பேர் சம்மதிக்கவில்லை. சலுகை கொடுத்தால் கட்டாமலே விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். கடந்த மழைக்காலங்களில் தாமதமாகக் கட்டியவர்களில் யாரெல்லாம் தீபாவளிக்குள் முழுதும் அடைத்தார்கள் என்பதைப் பெயர்வாரியாக நோட்டிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டி, யோசனையை மறுபடியும் முன்வைப்பேன்.