எட்டாவது இலக்கம்

யுபிஎஸ்ஸைச் சர்வருடன் இணைத்து, கண்காணிப்பு மென்பொருளை அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் அரைநாள் வேலை. அதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றாது. ஆனாலும், திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் அந்த வேலையை முடித்துக் கிளம்பும் நேரத்தில், கணக்குப் பிரிவில் இருந்த அக்கா சொன்னதும் அதற்கு நான் அளித்த பதிலும் இன்றுவரை மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் கணக்குகள் இருந்த லினக்ஸ் சர்வர், பதிவு நடக்கும்போதே மின்சாரம் இழந்து கணக்கு கெட்டுப்போய், அதை ரீரைட் செய்து, அதாவது டேலியைக் கொண்டே திரும்ப எழுதவைத்து, மீட்கும் நிலை அங்கு வந்திருந்தது. ஆகவே நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன். 12 வோல்ட் பேட்டரிகள் மூன்று கொண்ட அந்த யுபிஎஸ், கேட்கும்போதெல்லாம் ஒரே ஒரு வரியைத்தான் பதிலாகத் தரும்: உள்வரும் மின்னழுத்தம், சுமை, அதிர்வெண், பேட்டரியின் மின்னழுத்தம், வெப்பநிலை, இறுதியில் பூஜ்யமும் ஒன்றுமாக எட்டு இலக்கங்கள். முதல் இலக்கம் ஒன்றானால் மின்சாரம் போய்விட்டது. இரண்டாவது ஒன்றானால் பேட்டரி தீரப்போகிறது. எட்டாவது இலக்கம், மின்சாரம் போனால் மெதுவாகவும் பேட்டரி தீரப்போகும்போது வேகமாகவும் கத்தும் பீப் ஒலி இயக்கத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லும். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது அந்த வரியில் எங்குமே இல்லை. மேலெல்லை, கீழெல்லை என இரண்டு மின்னழுத்தங்களை நாம் கொடுத்தால், இடைப்பட்டதை, யுபிஎஸ்ஸோடு பேசும் டிரைவர் என்ற மென்பொருள் பகுதி கணக்கிட்டுச் சதவீதமாக்கிக் காட்டும். கீழெல்லையாக நான் கொடுத்தது 31.5 வோல்ட்.

மின்சாரம் போய் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் சர்வர் தானாக முறைப்படி அணையும். மற்ற கணினிகளின் திரையில் எச்சரிக்கை தோன்றும். எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் பார்த்த உரிமையாளர், "அப்போ அந்தக் கத்தலை நிறுத்திடலாமே, பையர் வந்து உக்கார்ந்திருக்கும்போது மானத்தை வாங்குது" என்றார். அது நியாயமான கோரிக்கைதான். ஒரே கட்டளையில் எட்டாவது இலக்கம் பூஜ்யமாயிற்று.

அதுவரை, அந்தச் சத்தம் கேட்டதும் "எல்லாரும் சேவ் பண்ணிக்கங்க" என்று குரல் கொடுத்துவந்தவர் அந்த அக்காதான். அவர் என்னிடம் வந்து, "தம்பி, முன்னெல்லாம் கரண்ட் போனா நான் வவுச்சரெல்லாம் அடுக்கி வெச்சு, டீ டம்ளரைக் கழுவிட்டு வந்தாலும் மெதுவாத்தானுங்க கத்திட்டிருக்கும். இப்ப வவுச்சர் அடுக்கறதுக்குள்ளயே வேகமாக் கத்துதுங்க" என்றார். நான், "இனிமே அதெல்லாம் நீங்க கவனிக்க வேண்டியதில்லைங்க அக்கா, சாஃப்ட்வேரே பாத்துக்கும்" என்றேன். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் தம் மேசைக்குப் போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இரவில் யாரும் இல்லாதபோது மின்சாரம் போனால் எவர் காதும் அங்கே உதவாது. சர்வரைக் காப்பாற்றுவதற்கு இந்த ஏற்பாடே சரி. ஆனால் யார் கவனிப்பது என்ற கேள்வியோடு அவர் வரவில்லை என்பது, பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி தளர்ந்துவிட்டது என்பதை அவர் அளந்து சொல்லியிருக்கிறார். ஈய-அமில பேட்டரி சார்ஜில் இருக்கும்வரை, உள்ளே பாதித் திறன் போயிருந்தாலும் மின்னழுத்தம் முழுமையாகவே தெரியும். சுமையைக் கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கடிகாரம் இல்லாமல், வவுச்சரையும் டம்ளரையும் வைத்தே அவர் பார்த்திருந்தது அந்த நேரத்தைத்தான்.

ஐந்தே நிமிடத்தில் நான் சர்வரை அணைத்துவிடுவதாலும், அதற்கு முன்பே பெரும்பாலும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடுவதாலும், இரண்டாவது இலக்கம் ஒன்றாக மாறும் வாய்ப்பே அரிதாகிவிட்டது. எவ்வளவு பாதுகாப்பாக அமைக்கிறேனோ, பேட்டரியைப் பற்றி அவ்வளவு குறைவாகத் தெரியவருகிறது. அப்படியென்றால் அந்த ஐந்து நிமிடத்தை நீட்டியிருக்க வேண்டுமா? கணக்குகளைப் பணயம் வைத்துப் பேட்டரியைச் சோதிக்க எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? மறுபடி அமைக்கச் சொன்னாலும் ஐந்து என்றுதான் போடுவேன். ஆனால் பேட்டரி அந்த ஐந்து நிமிடத்தையே தாங்காத நாள் வந்தால், அந்த எண்ணுக்குத்தான் என்ன பொருள்?

அடுத்த முறை போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமை கொடுத்துச் சோதித்துவிட்டு, தேவையானால் மூன்று பேட்டரிகளையும் மாற்றிவிடலாம் என்றேன். உரிமையாளர் திரையைக் காட்டி, "நூறு பர்சென்ட்னு காட்டுதே, நீங்க போட்டுக் கொடுத்ததுதானே" என்றார். அது நூறு அன்று, மின்னழுத்தத்திலிருந்து செய்துகொள்ளும் ஊகம் என்று விளக்கத் தொடங்கினேன். அக்கா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஷிப்மென்ட் முடியட்டும், பார்க்கலாம் என்றார். பீப் ஒலியையாவது திரும்பப் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.