அப்கிரேடு அழித்துவிட்டுப் போன ஒரு வரி

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை, திருப்பூரில் நான் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியிலிருந்து பேக்கிங் அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, பெட்டிக்கு ஒட்டற ஸ்டிக்கர் ஒண்ணும் வரமாட்டேங்குதுங், மத்தியானம் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கெளம்போணும்." முந்தின நாள் ஞாயிறு, ஆளில்லாத நேரமென்று சர்வரில் இருக்கும் டெபியன் லினக்ஸை அப்கிரேடு செய்துவிட்டு, லாகின் ஸ்கிரீன் வந்ததை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவன் நான்தான்.

ஸ்டிக்கருக்கான விவரம் இருக்கும் டேட்டாபேஸ் மரியாடிபி, அது எழவே இல்லை. டேட்டா ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை என்கிறது லாக். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் நான் எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கமாண்ட்) அடித்தால் அத்தனை ஃபைலும் கண் முன்னால் கிடக்கிறது, சர்வீஸுக்கு மட்டும் தெரியவில்லையாம். பெர்மிஷன் தப்போ என்று அதை மாற்றி இதை மாற்றி முக்கால் மணி நேரம் வீண், அப்புறம்தான் பொறி தட்டியது.

அந்த மெஷினின் டிஸ்க்கில் பெரிய பார்ட்டிஷன், யூசர்களின் ஃபைல்கள் இருக்கும் ஹோம்தான், அதனால் டேட்டாவை அங்கே வைத்திருந்தேன். மரியாடிபியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் யூனிட் ஃபைலில் 'புரொடெக்ட்ஹோம்=ட்ரூ' என்று ஒரு வரி உண்டு, அது சர்வீஸின் கண்ணிலிருந்து ஹோமை மறைத்துவிடும். ரெண்டு வருசம் முன்னால் அவசரத்தில் பேக்கேஜ் தன் ஃபைல்களை வைக்கும் 'லிப்' ஃபோல்டரில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலிலேயே அதை 'ஃபால்ஸ்' ஆக்கியிருக்கிறேன். செட்டிங்குகளுக்கான 'ஈடிசி' ஃபோல்டரில் பேக்கேஜ் வைத்த கான்ஃபிக் ஃபைலில் நாம் கை வைத்திருந்து, புதுப் பேக்கேஜிலும் அது மாறியிருந்தால், உன்னுடையது வேண்டுமா புதுசு வேண்டுமா என்று பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி கேட்கும். 'லிப்' ஃபைலுக்குக் கேள்வியே கிடையாது, மேலேயே எழுதிவிட்டுப் போய்விடும்.

'சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி' என்று கமாண்ட் அடித்து, 'சர்வீஸ்' தலைப்பின் கீழே 'புரொடெக்ட்ஹோம்=ஃபால்ஸ்' என்ற ஒரு வரியை மட்டும் போட்டேன். அது 'ஈடிசி'க்குள் 'ஓவர்ரைடு.கான்ஃப்' என்று தனி ஃபைலாக உட்கார்ந்துகொள்ளும், பேக்கேஜ் எத்தனை முறை மாறினாலும் அதைத் தொடாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே டீஃபால்ட் எல்லாம் 'ஈடிசி/டீஃபால்ட்ஸ்' கீழே தனியாக, நாம் மாற்றியது மட்டும் 'ஆர்சி.கான்ஃப்' ஃபைலில், லினக்ஸில் இந்த யூனிட் ஃபைல்களைப் படித்து சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அப்படித்தான்.

இப்போது மூணு மெஷினின் ஓவர்ரைடுகளும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஒரே கிட் ரெப்போவில், மெஷின் பெயர் வாரியாக ஃபோல்டர் போட்டு இருக்கின்றன. கண்டெய்னர் ரெண்டு மணிக்குக் கிளம்பியதும் குடோன் மெஷினில் 'டிபிகேஜி --வெரிஃபை' ஓட்டிப் பார்த்தேன், 'லிப்' பக்கம் இன்னும் ரெண்டு யூனிட் ஃபைல் மாறியிருக்கிறது என்றது. திறந்தால் ரெண்டிலும் என் கமெண்ட்: "தொடாதே, யோசித்துத்தான் மாற்றியிருக்கிறேன்."