குழந்தைக்குத்தான் போர்வை, ஆனால் 60-க்கு 80 இன்ச்

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை வைத்து குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்த போர்வை) தைத்து வெளிநாட்டு அகதி முகாம்களுக்கு அனுப்பும் வேலையைக் கையில் எடுத்ததும் முதலில் கிளம்புவது அளவுத் தகராறுதான். "சின்னக் குழந்தைக்குத்தானே" என்று கரடி பொம்மை போட்ட துணியில் தொட்டில் அளவுக்கு ஒன்றைத் தைத்து முடித்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். முகாமில் அது எதற்கும் பற்றாது. அங்கே ஒரு போர்வைக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் படுப்பார்கள். பகலில் அதுவே தரைவிரிப்பு, வெயில் மறைப்பு, வாசல் திரை. அதனால்தான் இந்தப் போர்வைகளைத் திரட்டி அனுப்பும் கிறிஸ்தவ நிவாரண அமைப்பான லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் 60-க்கு 80 இன்ச் கேட்கிறது. அதேபோன்ற இன்னொரு அமைப்பான மென்னோனைட் சென்ட்ரல் கமிட்டிக்கும் ஏறத்தாழ அதே ஒற்றைக் கட்டில் அளவுதான். மென்னோனைட் அமைப்பினர் தங்கள் நூற்றாண்டை ஒட்டி 2020 ஜனவரி 18 அன்று ஒரே நாளில் 6,500 போர்வை என்று இலக்கு வைத்து ஊர் ஊராகப் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்கள்.

ஊர் ஊராக உட்கார வைக்க முடிவதற்குக் காரணம், இந்தப் போர்வைகளில் நுணுக்கமான கைத்தையல் கிடையாது. மேல்துணி, பாய்போல் விரிக்கும் பஞ்சு, அடித்துணி மூன்றையும் அங்கங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்தால் போதும். அதை எட்டு வயதுப் பிள்ளையும் போடும்.

துணிக் கணக்கைப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் 44 இன்ச் பன்னா பருத்தித் துணியில் இரண்டு கரையையும் கழித்தால் 42 இன்ச் தேறும். சதுரத்தை 10½ இன்ச்சாக வெட்டினால் குறுக்கே நான்கு கிடைக்கும். அரை இன்ச் கூட்டி 11 ஆக்கினால் மூன்றுதான். ஒரு போர்வைக்கு 6-க்கு 8 வீதம் 48 சதுரம் வேண்டும். 10½ என்றால் 3½ கெஜத்தில் முடிந்துவிடும். ஓரம் கோணலாக வெட்டிக் கொடுப்பார்கள், ஆகவே 4 வாங்குங்கள். 11 என்றால் 5 கெஜம் இழுக்கும்.

குயில்ட் தைப்பவர்கள் வழக்கமாகத் தையலுக்குக் கால் இன்ச்தான் விடுவார்கள். பிள்ளைகள் தைக்கும்போது அது வேண்டாம். தையல் கொஞ்சம் வெளியே ஓடினாலும் முதல் துவைப்பிலேயே பிரிந்து பஞ்சு தெரியும். அரை இன்ச் விடச் சொல்லுங்கள். மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து அரை இன்ச் தள்ளி மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு, துணி ஓரம் டேப்பை உரசிக்கொண்டே போக வேண்டும் என்று காட்டினால் போதும். ஒரு வரிசையில் ஐந்து தையல். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் அளவு, அதாவது எட்டில் ஒரு பங்கு இன்ச், கூடுதலாகப் பிடித்தால் இரண்டு பக்கத் துணியுமாகச் சேர்ந்து அந்த வரிசை 1¼ இன்ச் குறுகிவிடும். பக்கத்து வரிசையோடு மூலைகள் சேராது. அப்போது நீளமான வரிசையை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், குறுகிய வரிசையைப் பிரித்துத் தையுங்கள். தையல் மடிப்பை ஒரு வரிசையில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் அயர்ன் செய்தால் மூலைகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் சேர்ந்து நிற்கும்.

எல்லாம் சரியாக வந்தால் மேல்துணி 58-க்கு 77 இன்ச் இருக்கும். குறைகிறதே என்று பதற வேண்டாம், மிச்சம் அடித்துணியிலிருந்து வரும். அமெரிக்காவில் விற்கும் ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் பொதுவாக 66-க்கு 96. நீளத்தை 86 ஆக வெட்டி, அதன் மேல் 60-க்கு 80 வெட்டிய பாலியஸ்டர் பஞ்சை நடுவாக வைத்து, அதற்கு மேல் மேல்துணியை விரியுங்கள். பஞ்சுக்கு வெளியே நாலு பக்கமும் 3 இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்ஷீட்டை அரை இன்ச் உள்மடித்து, மேல்பக்கம் திருப்பி மெஷினில் ஓட்டினால் பார்டரும் ஆயிற்று, அளவும் ஆயிற்று. பார்டருக்குத் தனித்துணி எதற்கு?

பஞ்சுக்குப் பதில் பழைய கம்பளி, மெல்லிய போர்வை போடலாம். மின்கம்பளி வேண்டாம், ஸ்பாஞ்சும் வேண்டாம்.

விரிப்பதில்தான் பாதி வேலை கெடும். அடித்துணியை உட்புறம் மேலே வரும்படி தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிய பிறகே பஞ்சு. டேப் போடாவிட்டால் மேலே மட்டமாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடித்துணி பையாகத் தொங்கும். பிறகு ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக சேப்டி பின். குண்டூசியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினாலும் ஒன்று பஞ்சுக்குள் போய்விடும், அதன் மேல் ஒரு குழந்தை படுக்கும். எந்த ஊசியானாலும் கடைசியில் காந்தத்தை இருபுறமும் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

முடிச்சுக்குக் குரோஷா பருத்தி நூல், இரட்டையாக. கம்பளி நூல் துவைத்தால் சுருங்கும், எம்ப்ராய்டரி வேலைக்கான மென்நூலின் முடிச்சு வழுக்கும். சதுரங்களின் மூலை, பக்க நடு, சதுர நடு என்று வைத்தால் இடைவெளி 4¾ இன்ச் வரும். ஓரத்துப் புள்ளிகளை விட்டால் போர்வைக்கு 11-க்கு 15, மொத்தம் 165 முடிச்சு. ஒவ்வொன்றுக்கும் நூல் வெட்டிக் கோத்தால் வகுப்பு முழுக்க ஊசி கோத்தே பொழுது போய்விடும். புள்ளியில் அடித்துணிவரை குத்தி, கால் இன்ச் தள்ளி மேலே எடுத்து, வெட்டாமல் அடுத்த புள்ளிக்குப் போகட்டும். வரிசை முடிந்ததும் இரு புள்ளிகளுக்கு நடுவே வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச்சுக்கு மேல் வால் கிடைக்கும். நூல் 50 கெஜம் எடுத்து வையுங்கள்.

வலது வாலை இடதின் மேல், அடுத்து இடதை வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சுற்றினால் முடிச்சு கோணலாக நிற்கும், இழுத்தால் நழுவும். பல பிள்ளைகள் இப்படித்தான் போடுவார்கள். சரியான முடிச்சில் வால்கள் இரண்டும் படுக்கையாகக் கிடக்கும், அதை வைத்தே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வாலை ஒரு இன்ச்சுக்குக் குறைத்து வெட்டக் கூடாது. பல மடிப்பு சேரும் மூலையில் ஊசி நுழையாமல் அடம்பிடித்தால் ஒரு மயிரிழை தள்ளிக் குத்தலாம். ஊசியைப் பிடித்து இழுக்க ஒரு பலூன் துண்டு போதும், விரலில் வழுக்காது. பிறகு போர்வையைத் திருப்பி, அடியில் 165 தையலும் தெரிகிறதா என்று எண்ண வேண்டும். தெரியாதது அடித்துணியைப் பிடிக்கவில்லை.

துணித் தேர்வில் சில வேண்டாம்கள் உண்டு. கொடி, மதச் சின்னம், ராணுவ உடை நிற அச்சு மூன்றும் கூடாது. போர் நடக்கும் ஊரில் போர்வையைத் தோளில் போட்டு நடப்பவர் யாருடைய ஆள் என்று சோதனைச் சாவடியில் சந்தேகம் வரக் கூடாதல்லவா? வெள்ளையும் வெளிர் நிறமும் அழுக்கு தாங்காது, துவைக்கத் தண்ணீர் இருக்காது. டி-ஷர்ட் துணி இழுபடும். ஜீன்ஸ் துணியைப் பருத்தியோடு கலந்தால் பக்கத்துத் துணி கிழியும். சாயம் போகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியில் வைக்கும் முன் நன்றாகக் காயட்டும். கப்பலில் வாரக்கணக்கில் கிடக்கும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பஞ்சு பூஞ்சை பிடித்துப் பெட்டி முழுக்கப் பரவும். வாழ்த்து எழுதிய சீட்டு, பெயர், முகவரி எதையும் உள்ளே வைத்துத் தைக்க விடாதீர்கள். கப்பல் செலவுக்கு லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் தனியே ஒரு நிதி வைத்திருக்கிறது. துணிக்குப் பணம் திரட்டும்போதே அதற்கும் சேர்த்துத் திரட்டிவிடுங்கள்.