இன்சுலா வைவாவில் நான் சொதப்பிய இடம்

வாய்மொழித் தேர்வான வைவாவில் மக்காக் குரங்கின் மூளையைத் தட்டில் வைத்து, பக்கவாட்டில் உள்ளே மறைந்திருக்கும் பகுதியான இன்சுலாவைக் காட்டச் சொன்னார் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர். பக்கவாட்டுப் பிளவை விரித்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை: முன்னால் மூன்று குட்டை மடிப்பு, பின்னால் இரண்டு நீள மடிப்பு, நடுவே ஒரு பள்ளம் என்று ஒப்பித்துவிட்டேன். "தொட்டுக் காட்டு" என்றார். தொட ஒன்றுமில்லை. நான் சொன்னது மனித மூளைக்கு; மக்காக்கின் இன்சுலா கிட்டத்தட்ட வழுவழு.

நான் கேரளாவில் தமிழ் பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரன். பள்ளியில் தமிழ் மீடியம், காலேஜில் பாடம் இங்கிலீஷ், விளக்கம் மலையாளம். புரியாததை மனப்பாடம் செய்தே பழகியவன், அதுதான் வினை.

சப்ளிமெண்டரிக்குப் படிக்கும்போதுதான் கிரானுலர் என்றால் நம்ம குருணை என்று உறைத்தது. மூளையின் மேற்பட்டையான கார்டெக்ஸின் நான்காம் அடுக்கில் குருணை போன்ற பொடிச் செல்கள் இருக்கும். இன்சுலாவின் பின்மேல் பகுதியில் அவை நெருக்கமாக இருந்தால் கிரானுலர், நடுவில் கலைந்து மெலிந்தால் டிஸ்கிரானுலர், முன்கீழே அந்த அடுக்கே காணாமல் போனால் ஏகிரானுலர். முறத்தில் அம்மா புடைக்கும்போது குருணை ஒரு பக்கம் சேர்ந்து, மறுபக்கம் போகப் போகக் குறையுமே, எங்கே முடிந்தது என்று விரல் வைக்க முடியாதே, அதே கதை. 1982இல் மெசுலம், மஃப்சன் என்ற ஆய்வாளர்கள் மக்காக் வகையான ரீசஸ் குரங்கில் இதைத்தான் விவரித்தார்கள், வாசனைக்கான கார்டெக்ஸை மையமாக வைத்து விரியும் வளையங்களாக. பிறகு வந்தவர்கள் இந்த மூன்றையும் இன்னும் பொடிப்பொடியாகப் பிரித்துவிட்டார்கள். மூளை அட்லஸுக்கு அட்லஸ் எல்லைக் கோடு தள்ளிப் போகிறதே என்று பயப்படாதீர்கள். எங்கள் பக்கத்துக் கேரள-தமிழ்நாடு எல்லையான வேலந்தாவளம் செக்போஸ்டில் மாநிலம்தான் மாறும், பேச்சு மாறாது.

வேலையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வலி, சூடு, குளிர் போன்ற உடல் செய்திகள் முதலில் பின்பக்கம் வரும். முன்பக்கம், உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலாவோடு நெருக்கம். வான் எகோனமோ செல்கள் என்ற பெரிய, கதிர் வடிவ நரம்புச் செல்கள் இருப்பதும் முன்பக்கம்தான். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குக்கும் மட்டுமே என்று பழைய நோட்ஸில் இருந்தால் அடித்துவிடுங்கள், 2012இல் மக்காக்கிலும் கண்டார்கள்.

ஸ்லைடு கொடுத்தால் பெயரை யோசிக்காமல் முதலில் நான்காம் அடுக்கைத் தேடுங்கள். சப்ளிமெண்டரியில் அதைத்தான் செய்தேன். அதே எக்ஸ்டர்னல். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்த அஞ்சு மடிப்பு எங்கே?" என்றார்.

"இதில் கிடையாது சார்."