திருமலையில் முதல் வெளியூர் வேலை: கழக உதைபந்தாட்டம் எழுதப் போகிற பயிற்சி மாணவருக்கு

நான் குமரி மாவட்டத்துக்காரி. கொழும்பில் ஊடகவியல் படிக்கிறேன். எங்கள் படிப்பில் உள்ளகப் பயிற்சி கட்டாயம். எனக்குக் கிடைத்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். மற்றவர்கள் அனுப்பிய செய்திகளைத் திருத்திக்கொண்டு மேசையில் இருந்தவளை முதன்முதலாக வெளியூருக்கு அனுப்பியது திருகோணமலைக்கு, சுருக்கமாகத் திருமலை. கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டி ஒன்றின் கடைசிக் கட்ட ஆட்டங்கள். இந்த வருடம் பயிற்சிக்குப் போகிற வெளிநாட்டு மாணவர்கள் சிலர் அதைப் பற்றி விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

தொலைக்காட்சியில் வரும் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதும் இதுவும் வேறு வேறு வேலை. அங்கே கண் தவறியதை மறுபடி போட்டுக் காட்டுவார்கள், கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும் திரையிலேயே வரும். கழக ஆட்டத்தில் அதெல்லாம் கிடையாது. யார் எத்தனையாவது நிமிடத்தில் அடித்தார் என்று மறுநாள் தேடினால் மத்தியஸ்தரின் அறிக்கையில் இருக்கலாம், அது உங்கள் கைக்கு வராது. மிச்சம் இருப்பது உங்கள் குறிப்புப் புத்தகம் மட்டும்தான். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தப் புத்தகத்தைச் சரியாக நிரப்புவதற்கான ஏற்பாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முன் கடதாசி வேலை. கடவுச்சீட்டின் பிரதி, விசா ஒட்டிய பக்கத்தின் பிரதி, பல்கலைக்கழகக் கடிதம், பத்திரிகை அலுவலகத்தின் கடிதம். கடைசிக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு வாங்குங்கள். திருமலை துறைமுக நகரம், கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமே அங்குதான் இருக்கிறது. கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் வெளிநாட்டுப் பிள்ளையை யாராவது நிறுத்திக் கேட்டால், சிங்களத்தில் ஒரு தாள் இருப்பது பேச்சை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். படைமுகாம், துறைமுகப் பக்கம் கமராவை எடுக்கவே வேண்டாம். ட்ரோன் வைத்திருக்கிற நண்பரைக் கூட்டிப்போகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், பயிற்சி மாணவருக்காக எந்த அலுவலகமும் அதற்கு அலையாது.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்துபோக, நீங்கள் கந்தளாய், சீனக்குடா வழியாக விடியற்காலையில் போய் இறங்கலாம். பஸ்ஸில் போனால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை. நான் ரயிலைத்தான் சொல்வேன். பகல் முழுவதும் கையில் இருக்கும், ஆட்டம் மாலையில்தானே. தங்குமிடத்தை மைதானத்துக்குக் கிட்டவாகப் பாருங்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வருவதற்கு ஒரு ஓட்டோவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வேறொன்றும் பெரிதாகச் சொல்ல இல்லை.

எந்த மைதானம் என்பதை மட்டும் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதிசெய்யுங்கள். நகரத்திலேயே மக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று ஊருக்கு ஊர் மைதானம் உண்டு. காலையில் போட்ட அறிவித்தல் மத்தியானத்தில் மாறலாம். மாறினால் ஏற்பாட்டுக் குழுவின் வட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வரும். அந்தக் குழுவில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது முதல் நாள் வேலை. கிண்ணியா, மூதூர் பக்கம் யாரையாவது வெள்ளிக்கிழமை சந்திப்பதாக இருந்தால் ஜும்ஆ முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலநிலையையும் பார்க்க வேண்டும். அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு வருவது, அதனால் வருட நடுவில் மைதானம் காய்ந்து கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் மூன்றரை மணிக்கு மைதான ஓரத்தில் நின்றால் முகத்தில் அடிப்பது அனல்தான். காற்று ஆட்டத்தையும் மாற்றும். எந்த அணி முதல் பாதியில் காற்றோடு ஆடியது என்று எழுதி வையுங்கள். இரண்டாம் பாதியில் உயர்ந்து வந்த பந்து ஏன் குறுக்கே விலகியது என்பதற்குப் பல நேரம் விடை அந்த ஒரு வரியில் இருக்கும்.

இனி மைதானம். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பார்வையாளர் பக்கம் போகாமல் நேரே ஏற்பாட்டுக் குழுவின் மேசைக்குப் போங்கள். இரண்டு அணிகளின் வீரர் பட்டியலும் அங்கேதான் வரும். அனுமதி கேட்டு அதை போனில் படமெடுங்கள். எடுத்தாயிற்று, இனிப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலில் இருப்பது பதிவுப் பெயர். மைதானத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் "குட்டி அடிக்கிறார், பாபு தடுக்கிறார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். குட்டி யார் என்று பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு அணியின் முகாமையாளரிடமும் பட்டியலைக் காட்டி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கூப்பிடும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது ஒருவர், "பிள்ளை, எனக்கே இவன்ர முழுப்பேர் இண்டைக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி. ஒரே அணியில் முகம்மது என்று ஒருவர், முஹம்மத் என்று இன்னொருவர், மொஹமட் என்று மூன்றாமவர். மூன்றும் சரி, அவரவர் எழுதுவது அப்படி. சிங்களப் பெயர்களைக் காதால் கேட்டு எழுதினால் குறிலும் நெடிலும் இடம் மாறும். முதலெழுத்து இல்லாமல் பெயரை மட்டும் போட்டால் ஊரில் நாலு பேருக்கு அது பொருந்தும். புத்தகத்தை நீட்டி, "அண்ணா, உங்கள் கையால் எழுதுங்கோ" என்று கேளுங்கள். கிண்ணியாப் பக்க அணி என்றால் மூத்தவர்களை "நானா" என்று கூப்பிட்டால் பேச்சு எளிதாக வரும். எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்க நேரம் இருக்காது. முன்கள வீரர்கள், அணித்தலைவர், கோல் காப்பாளர் போதும், மிச்சத்தைக் கோல் விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜேர்சி இலக்கத்தை முழுதாக நம்பாதீர்கள். மாற்று வீரர் உள்ளே போகும்போது வெளியே வந்தவரின் ஜேர்சியையே வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். முதல் பாதியில் 9ஆம் இலக்கம் மெலிந்த பையன். இரண்டாம் பாதியில் 9 தாடி வைத்தவர். அதனால் நான் இலக்கத்தோடு ஒரு அடையாளமும் எழுதுவேன். ஒரு வரி இப்படி இருக்கும்: "24 – 9 தாடி – தலை – 11 இடதிலிருந்து". 24ஆவது நிமிடத்தில், தாடி வைத்த 9ஆம் இலக்கக்காரர், இடது பக்கத்திலிருந்து 11 கொடுத்த பந்தைத் தலையால் முட்டிப் போட்ட கோல். முழு வசனம் எழுதக் குனிந்தால் அடுத்ததைத் தவறவிடுவீர்கள்.

நிமிடக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. கடிகாரம் 23 நிமிடம் 10 விநாடி காட்டும்போது விழுந்த கோல் 24ஆவது நிமிடக் கோல். மத்தியஸ்தர் விசில் ஊதும்போதே உங்கள் போனில் கடிகாரத்தை ஓடவிடுங்கள், காயத்துக்காக ஆட்டம் நின்றாலும் நிறுத்த வேண்டாம். கோல் காப்பாளர் கையில் பட்டு உள்ளே போனது, பின்கள வீரர் காலில் பட்டுத் திரும்பியது போன்றவற்றில் கோல் யார் கணக்கு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், ஆட்டம் முடிந்ததும் மத்தியஸ்தரிடம் போய்க் கேளுங்கள். தோற்ற அணி அவரைச் சுற்றி நிற்கும் நேரமாகப் பார்த்துப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் போட்டியின் விதிகளையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 11 பேர், ஒரு பாதிக்கு 45 நிமிடம் என்பது பொதுவிதி. ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் 7 பேர், 9 பேர் ஆட்டங்களும் உண்டு, நேரமும் குறைவாக இருக்கும். சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரமா, நேரே சமநிலை தவிர்ப்பு உதையா (பெனால்டி)? வெளிச்சம் போய்விடும் என்பதால் பல இடங்களில் நேரே உதைதான். இந்த உதைகளில் அடித்தவை ஆட்டத்தின் கோல் கணக்கில் சேராது. 1–1 சமநிலை, பிறகு உதையில் 4–3 என்றுதான் எழுத வேண்டும். 5–4 என்று கூட்டி எழுதி வந்த செய்திகளை மேசையில் நானே திருத்தியிருக்கிறேன். உதைக்கு அணிக்கு ஒன்றாக இரண்டு பத்தி கீறி, கோல் போனால் சரி அடையாளம், தடுத்தால் "த", வெளியே போனால் "வெ" என்று போடுங்கள். அந்த நேரத்தில் சனம் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். எனக்கு முன்னால் நின்றவர்களின் தலைக்கு மேலால் பார்க்க, மேசைப் பக்கத்து ஐயா ஒருவர் தன் பிளாஸ்டிக் கதிரையைத் தந்து, அது ஆடாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

இனிச் செய்தி எழுதுவது. இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் உங்கள் கையில் ஒரு தாளைத் திணிப்பார்கள்: பிரதம அதிதி, கௌரவ அதிதி, சிறப்பு அதிதி, அனுசரணையாளர், பொன்னாடை போர்த்தியவர். அத்தனை பெயரும் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறவர்கள், அதில் தப்பில்லை. ஆனால் முதல் பந்தியே அதிதிகளால் நிரம்பினால் ஆட்டம் எங்கே போகும்? என் கணக்கு: முதல் வரியில் முடிவு, இரண்டாவதில் கோல்கள், அப்புறம் ஆட்டம் திரும்பிய இடம், கடைசியில் கிண்ணம் வழங்கியவர் பெயர் ஒன்று. மிச்சப் பெயர்களுக்கு இடமில்லை என்பதை அவர்களிடம் அங்கேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு போனில் கோபப்படுவதைவிட அது மேல்.

வீரர்களிடம் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் "சந்தோசம்" என்ற ஒரு சொல்தான் வரும். "அந்த ப்ரீ கிக்கை நீங்கள் அடிப்பது என்று முன்னமே முடிவா?" என்று கேளுங்கள், கதை வரும். இவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. கடலுக்குப் போய்விட்டு வந்தவர், மேசன் வேலையிலிருந்து நேரே வந்தவர், ஓட்டோ ஓட்டுகிறவர். நானும் கடற்கரைக்காரி, எங்கள் தூத்தூர்ப் பக்கமும் மீன்பிடி ஊர்களில்தான் பந்து உருளும். அதனால் சொல்கிறேன், "வறுமையை வென்ற மீனவ இளைஞன்" என்று தலைப்புப் போடாதீர்கள். அவர் வந்தது பந்தடிக்க. வலது காலால் அடிப்பவர் இடது பக்கம் ஆடுகிறார் என்று எழுதினால் அவரே வெட்டி வைத்துக்கொள்வார்.

மூத்த வீரர்களோடு பேசவும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்து அணிகள் நகரத்துக்கு ஆட வருவதென்றால் நீரைக் கடக்க வேண்டும். ஆட்டம் இழுத்துவிட்டால் திரும்பிப் போவது எப்படி என்ற கவலையோடேயே ஆடியதாக ஒருவர் சொன்னார். உதைபந்தாட்டச் சம்மேளன விவகாரமும் பேச்சில் வரும். இலங்கையை ஃபீஃபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தி ஆகஸ்டில் தடையை நீக்கியது என்ற அளவாவது தெரிந்திருந்தால், அவர்கள் எதைக் குறிப்பிட்டு அலுத்துக்கொள்கிறார்கள் என்று விளங்கும்.

திருமலை தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் சேர்ந்து வாழும் இடம், அணிகளும் அப்படியே. ஒரு கழகத்தை அதன் பெயராலும் ஊராலும் குறிப்பிடுங்கள், இனத்தால் குறிப்பிட வேண்டாம். மைதானத்தில் வாக்குவாதம் வந்தால் எத்தனை நிமிடம் ஆட்டம் நின்றது, யாருக்கு என்ன அட்டை என்பதோடு நிறுத்துங்கள். காணொளி எடுத்திருந்தாலும் முகநூலில் போடாதீர்கள். உங்கள் அலுவலகம் கேட்டால் கொடுங்கள்.

படம் பற்றி ஒன்று. பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்துக்குள்ளும் சாதாரணமாக நடமாடும், கமராவை இழுக்கும். எனக்கும் போன் நிறைய மான்தான். விளையாட்டுப் பக்கத்துக்கு வேண்டியது வெற்றி அணியின் படமும் ஆட்டப் படம் ஒன்றும். வெளிச்சம் இருக்கும்போதே, முதல் பாதியிலேயே ஆட்டப் படத்தை எடுத்து முடியுங்கள்.

செய்தியை மைதானத்திலிருந்தே அனுப்புங்கள், அறைக்குப் போய் எழுதலாம் என்றால் பக்கம் மூடிவிடும். நீங்கள் யூனிகோடில் தட்டுவீர்கள். பக்கம் வடிவமைப்பவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்பவராக இருந்தால் மாற்றும்போது எழுத்துகள் சிதறலாம். அதனால் நான் பெயர்களை மட்டும் தனியாகக் குரல் செய்தியில் வாசித்து அனுப்பிவிட்டேன், மேசையில் இருந்த அண்ணாவுக்கு அது பிடித்துப்போய் மற்றவர்களிடமும் கேட்கத் தொடங்கினார்.

இனிப் பயிற்சிக்குக் கிடைக்கும் புள்ளிக்கு, அதாவது மதிப்பெண்ணுக்கு வருவோம். பயிற்சிப் பதிவேட்டில் "திருகோணமலை சென்றேன், ஆட்டம் பார்த்தேன்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. என்ன தீர்மானம் எடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்: எந்தப் பெயரை எப்படி உறுதிசெய்தீர்கள், எதைச் செய்தியிலிருந்து விட்டீர்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் முக்கியமாகக் கேட்டதும் அதுதான், "இந்தக் கோல் அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்?" குறிப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஆகவே குறிப்புகளை எறியாமல், வெளியான செய்தி நறுக்கோடு சேர்த்துக் கோவையில் வையுங்கள். ஓட்டோவுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்காது. அன்றன்றைக்கே புறப்பட்ட இடம், போன இடம், தொகை என்று குறித்துக் கொடுத்தால் கணக்குப் பிரிவில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பத்திரிகை வந்ததும் பக்கத்தைப் படமெடுத்து இரண்டு கழகச் செயலாளர்களுக்கும் அனுப்புங்கள், தோற்ற கழகத்துக்கும்தான். பெயரில் பிழை இருந்தால் பத்து நிமிடத்தில் பதில் வரும், அன்றே திருத்தம் போடச் சொல்லி மேசையில் கேட்டுவிடலாம்.