போலீஸ்கிட்ட சொன்னது சாட்சி ஆகுமா?

தீவிரவாத கேஸ்னு வந்துட்டாலே "இவனுக்கெல்லாம் எதுக்கு மனித உரிமை"ன்னு சொல்லிட்டு போறவங்க தான் அதிகம். குண்டுவெடிப்புல செத்தவங்க குடும்பத்துக்கு நியாயம் கிடைச்சே ஆகணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா தப்பான ஆள புடிச்சு உள்ள போட்டா அந்த குடும்பத்துக்கும் சேர்த்து தான அநியாயம் நடக்குது, உண்மையிலயே குண்டு வெச்சவன் வெளிய நிம்மதியா சுத்திட்டு இருப்பான், இத ஏன் யாருமே யோசிக்க மாட்டேங்குறாங்க?

எனக்கு தீவிரவாதத்துக்குன்னு போட்ட தனி சட்டங்கள்ல ரொம்ப பயமா இருக்குற விஷயம் போலீஸ் எழுதி வாங்குற ஒப்புதல் வாக்குமூலம். சாதாரண கொலை கேஸ்ல கூட அது கோர்ட்ல செல்லாது. 1872 சாட்சிய சட்டத்துலயே அப்படி தான், 2023ல வந்த புது சட்டத்துலயும் அந்த விதி இருக்கு. லாக்கப்ல என்ன நடக்கும்னு தெரிஞ்சு தான் அப்படி வெச்சாங்க. 1980கள்ல வந்த தீவிரவாத தடுப்பு சட்டமான தடா தான் 15வது பிரிவுல, எஸ்.பி. ரேங்க் அதிகாரி பதிவு பண்ணா போதும், சாட்சியா எடுத்துக்கலாம்னு மாத்துச்சு.

ராஜீவ் கொலை வழக்குல 1998ல பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு குடுத்துச்சு. தடால ஹைகோர்ட் அப்பீல் கிடையாது, நேரா சுப்ரீம் கோர்ட் தான். அங்க 1999ல 19 பேர் விடுதலை ஆனாங்க. இது தடா குற்றமே இல்லன்னு சொன்ன அதே தீர்ப்பு, தடால வாங்குன வாக்குமூலம் மட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு, இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. அந்த வழக்குல தண்டனை ஆன பேரறிவாளன் 9 வோல்ட் பேட்டரி ரெண்டு வாங்கி குடுத்தாரு, அது எதுக்குன்னு தனக்கு தெரியாதுன்னு அவர் சொன்னத நான் எழுதாம விட்டுட்டேன்னு வாக்குமூலத்த பதிவு பண்ண சிபிஐ அதிகாரியே 2013ல வெளிப்படையா சொன்னாரு. அந்த ஒரு வரி தான் ஒருத்தர் உயிருக்கே ஆதாரம். 19 வயசுல உள்ள போனவர் 2022 மே மாசம் தான் விடுதலை ஆனாரு.

தடா 1995ல காலாவதி ஆயிடுச்சு, ஆனா அந்த பிரிவு சாகல. அடுத்து வந்த தீவிரவாத தடுப்பு சட்டமான பொடால வந்துச்சு, கூட்டமா திட்டம் போட்டு பண்ற குற்றங்களுக்குன்னு மகாராஷ்டிரா போட்ட மோக்கா சட்டத்துல இன்னும் இருக்கு. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு கேஸ்ல மோக்கா கோர்ட் 2015ல 12 பேருக்கு தண்டனை குடுத்துச்சு, அதுல 5 பேருக்கு தூக்கு. 2025 ஜூலைல பாம்பே ஹைகோர்ட் அந்த வாக்குமூலங்கள நம்ப முடியாதுன்னு தள்ளிட்டு 12 பேரையும் விடுவிச்சுது. அதுக்குள்ள ஒருத்தர் ஜெயில்லயே செத்துட்டாரு. 180க்கு மேல உயிர் போன கேஸ், 19 வருஷம் கழிச்சு யார் பண்ணாங்கன்னே தெரியாம நிக்குது.

இலங்கைல இன்னும் மோசம். 1979ல தற்காலிகம்னு சொல்லி கொண்டு வந்த பயங்கரவாத தடைச் சட்டம், 1982ல நிரந்தரம் ஆயிடுச்சு. அதுல உதவி போலீஸ் சூப்பிரண்டன்ட் முன்னாடி சொன்னாலே போதும், அடிச்சு வாங்குனாங்கன்னா அத நிரூபிக்க வேண்டியது கைதி தான். பூட்டுன ரூமுக்குள்ள அடி வாங்குனவன் சாட்சிக்கு யார கூட்டிட்டு வருவான்? சிங்களமே தெரியாத ஒரு தமிழ் இளைஞர் கிட்ட சிங்களத்துல எழுதுன வாக்குமூலத்துக்கு கைரேகை வாங்கி, அத வெச்சே 50 வருஷம் தண்டனை குடுத்தாங்க, அப்பீல்ல 35 ஆச்சு. அந்த நிரூபிக்குற பாரத்த கைதி மேல போட்டது தப்புன்னு ஐநா மனித உரிமை குழு 2004லயே சொல்லிடுச்சு. 2006ல இலங்கை சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கல.

ஸ்டேஷன்ல வக்கீல் பக்கத்துல இல்லாம, முழு விசாரணையும் வீடியோ எடுக்காம வாங்குன எந்த வாக்குமூலமும் எந்த சட்டத்துலயும் செல்லக்கூடாது. இத கேக்குறதுக்கு யாரும் தீவிரவாதி பக்கம் நிக்கணும்னு அவசியம் இல்ல, மும்பை ரயில்ல செத்தவங்க பக்கம் நின்னே கேக்கலாம்.